இசைச் சஞ்சிகையின் பக்கத்தை எவ்வாறு ஆராய்வது?

இலங்கையின் மலையக நகரான ஹட்டனில் உயர்தர வகுப்பில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் பயிலும் மாணவி ஒருவரின் கேள்வி இது. அவரும் நண்பர்களும் மலையக இசைக்கென ஒரு சஞ்சிகை தொடங்க விரும்புகிறார்கள். தப்பு எனும் தோல்வாத்தியமும் காமன் கூத்து எனும் மலையகக் கூத்தும் ஒரு பக்கம், இன்றைய இளைஞர்களின் ராப் பாடல்கள் இன்னொரு பக்கம் என்று திட்டம். அதற்கு முன்பாக, வெளிநாட்டு இசைச் சஞ்சிகைகளின் அட்டை, உள்ளடக்கப் பக்கம், நடுவிலுள்ள இரட்டைப் பக்கக் கட்டுரை ஆகியவற்றின் வடிவமைப்பு மரபுகளை ஆராய்ந்து எழுத வேண்டியிருக்கிறது. "பெயர் மேலே இருக்கிறது, படம் பெரிதாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டே போகிறோம், இது ஆய்வாகத் தெரியவில்லை. எதைப் பார்க்க வேண்டும்?" என்று கேட்கிறார்.

கண்டியிலும் ஹட்டனிலும் அச்சகங்களோடு நீண்ட காலம் பக்க வடிவமைப்பு வேலை செய்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நீங்கள் எழுதியிருப்பவை சரியான அவதானிப்புகளே. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. கடையில் சஞ்சிகை எப்படி வைக்கப்படுகிறது, தாள் எப்படி மடிக்கப்படுகிறது, மை தாளில் எப்படி ஊறுகிறது, வாசகர் எங்கிருந்து கொண்டு எவ்வளவு நேரம் பார்க்கிறார் என்பவைதாம் அந்தக் காரணங்கள். அதைக் கண்டுபிடித்து, அதே காரணம் உங்கள் ஊரிலும் உண்டா என்று கேட்கும்போதுதான் அவதானிப்பு ஆய்வாகிறது.

அட்டையிலிருந்து தொடங்குவோம். பிரித்தானியாவின் கடைகளில் சஞ்சிகைகள் ஒன்றன்மேல் ஒன்று சற்று விலகிப் படியும்படி தட்டுகளில் அடுக்கப்படுவதால், பல வேளைகளில் ஒரு சஞ்சிகையின் இடது ஓரம் மட்டுமே வெளியே தெரியும். ஆகவே பெயரின் முதலெழுத்துகளும் முக்கியமான செய்தி வரிகளும் இடப்பக்கம் வைக்கப்பட்டன. 1986 இல் தொடங்கி 2020 இல் நின்றுபோன கியூ சஞ்சிகை இதற்கு மிகத் தெளிவான உதாரணம். அதன் பெயரே ஓர் எழுத்து; அது சிவப்புச் சதுரத்துக்குள் வெள்ளை எழுத்தாக இடது மேல் மூலையில் நின்றது. மற்றச் சஞ்சிகைகள் அதன் முக்கால் பாகத்தை மறைத்தாலும் அது தன் பெயரை முழுமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. இப்போது எங்கள் நகரங்களின் பெட்டிக்கடைகளை நினைத்துப் பாருங்கள். அங்கே சஞ்சிகைகள் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிடப்படுகின்றன. வாசகரின் பார்வையை மறிப்பது பக்கத்துச் சஞ்சிகை அன்று. மேல் விளிம்பைக் கவ்வியிருக்கும் கிளிப்தான். பெயரை மேல் விளிம்பிலிருந்து சற்றுக் கீழே இறக்கி வைக்க வேண்டிய தேவை இங்கே உண்டு, இடப்பக்கமாக ஒதுக்க வேண்டிய தேவை இல்லை. உங்கள் ஆய்வில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தால், மரபு எங்கிருந்து வந்தது என்பதை நீங்கள் புரிந்துகொண்டிருக்கிறீர்கள் என்று ஆசிரியர் அறிவார்.

பெயரின் எழுத்து வடிவமும் பேசும். பிரித்தானிய ரொக் இசைச் சஞ்சிகையான கேரங் 1981 இல் சவுண்ட்ஸ் என்ற வாரப் பத்திரிகையின் இணைப்பாகத் தோன்றியது. மின் கித்தாரை ஓங்கி அடிக்கும்போது எழும் ஓசைதான் அதன் பெயர். எழுத்துகளும் கண்ணாடி விரிசல் விட்டதுபோல உடைந்திருக்கும். உள்ளே எந்த வகை இசை இருக்கிறது என்பதை வாசகர் ஒரு சொல்கூட வாசிக்காமலே அறிந்துகொள்கிறார். 1967 இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய ரோலிங் ஸ்டோனின் பெயரை வரைந்தவர், அந்த நகரத்து இசை நிகழ்ச்சிகளுக்குச் சுவரொட்டி வரைந்துகொண்டிருந்த ரிக் கிரிஃபின். அந்தச் சுவரொட்டிகளின் வளைவுகள் பெயருக்குள் வந்தமையால், சஞ்சிகை எந்த ஊரிலிருந்து, எந்தக் கூட்டத்திலிருந்து வருகிறது என்பது எழுத்திலேயே பதிந்தது. கலைஞரின் தலை பெயரின் சில எழுத்துகளை மறைப்பதையும் பார்த்திருப்பீர்கள். பெயரின் பாதியை மறைத்தாலும் அடையாளம் காணும் வாசகர்கள் ஏற்கெனவே இருக்கும் சஞ்சிகைதான் அதைச் செய்ய முடியும். முதல் இதழில் நீங்கள் அதைச் செய்யக் கூடாது.

அடுத்தது முகம். இசைச் சஞ்சிகையின் அட்டையில் பெரும்பாலும் ஒரே ஒருவர், மார்பளவில் அல்லது இன்னும் நெருக்கமாக, கண்மட்டத்தில், கமராவை நேராகப் பார்த்துக்கொண்டிருப்பார். பார்வை பார்வையைச் சந்திக்கும்போது கடந்து போகிறவர் நிற்கிறார் என்பது வியாபாரக் காரணம். கேட்டுப் பழகிய குரலுக்குரியவரை நெருக்கத்தில் காண வேண்டும் என்ற ரசிகரின் ஆசை இன்னொரு காரணம். இதற்குள்ளும் இசை வகைக்கேற்ப வேறுபாடு உண்டு. 1988 இல் தொடங்கிய த சோர்ஸ், 1993 இல் குவின்சி ஜோன்ஸ் தொடங்கிவைத்த வைப் போன்ற ஹிப் ஹொப் சஞ்சிகைகளின் அட்டைகளில் கலைஞர் தன் இடத்தை விட்டுக்கொடுக்காதவராக நிமிர்ந்து நிற்பதைக் காணலாம். சென்னையிலிருந்து 1983 முதல் ஆங்கிலத்தில் வெளிவரும் ஸ்ருதி போன்ற செவ்விசைச் சஞ்சிகைகளில் பாடகர் பாடிக்கொண்டோ வாத்தியத்தோடு அமர்ந்தோ இருக்கும் படங்களே இயல்பானவை. அங்கே கவனம் ஆளை விட வித்தைமீது விழுகிறது. யாரை யார் எப்படிப் பார்க்கிறார்கள் என்ற இந்தக் கேள்வியை உங்கள் ஆய்வின் மையமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று வற்புறுத்துவேன்.

ஏனென்றால் மலையகத்தவர்களாகிய நாம் படங்களில் எப்படிக் காட்டப்பட்டு வந்திருக்கிறோம் என்பதோடு இது நேரடியாகத் தொடர்புபட்டது. தேயிலைப் பெட்டியிலும் சுற்றுலாச் சுவரொட்டியிலும் நாட்காட்டியிலும் பச்சை மலை பக்கத்தை நிறைத்திருக்கும். அதன் நடுவே கூடை சுமந்த பெண் ஒருவர் விரற்கடை உயரத்தில் நிற்பார். அவர் பெயர் எங்கும் இராது. அவர் முகமும் பெரும்பாலும் தெரியாது. எங்களைப் பற்றி எங்களவர்களே வெளியிடும் மலர்களின் அட்டைகளிலும் அதே மலை, அதே கூடை, அதே தூரம் வந்துவிடுகின்றன. இசைச் சஞ்சிகையின் அட்டை மரபு இதற்கு நேர் எதிரானது: நிலக்காட்சியை நீக்குகிறது, ஆளை முன்னே கொண்டுவருகிறது, பெயரைப் பெரிய எழுத்தில் போடுகிறது. வெளிநாட்டு மரபுகளில் எதைக் கடன் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இதை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். திருவிழாக்களில் தேருக்கு முன்னால் ஆயுள் முழுவதும் அடித்துவந்த ஒரு தப்புக் கலைஞரின் முகம், மலையோ மூடுபனியோ பின்னணியில் இல்லாமல், அட்டை முழுவதையும் நிறைத்து உங்களைப் பார்க்கட்டும். அப்படி ஓர் அட்டையை நான் பார்க்க ஆசைப்படுகிறேன்.

அட்டையிலுள்ள சிறு செய்தி வரிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவை கடையில் விற்பதற்காக இருப்பவை. 1952 முதல் வாரந்தோறும் விற்பனையான பிரித்தானிய இசை இதழ் என்.எம்.ஈ. 2015 இல் இலவசமாகி, 2018 இல் வார அச்சிதழை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கச் செய்ய வேண்டிய அட்டையும், கையில் இலவசமாகக் கொடுக்கப்படும் அட்டையும் ஒரே அளவுக்குக் கூவ வேண்டியதில்லை. உங்கள் சஞ்சிகையைப் பாடசாலைகளிலும் கோயில் திருவிழாக்களிலும் நேரே கையில் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் இரண்டு வரிகள் போதும்.

உள்ளடக்கப் பக்கத்தில் மாணவர்கள் பொதுவாக எண்களின் பெரிய அளவையும், கட்டுரைகள் ஒரு புறமும் வழமையான பகுதிகள் மறுபுறமும் பிரிக்கப்பட்டிருப்பதையும் குறிப்பிடுவார்கள். அது சரிதான். ஆனால் ஒரு மரபு உண்மையில் என்ன வேலை செய்கிறது என்பதை அறிய அதைச் சிறிது சிறிதாக நீக்கிப் பார்ப்பது சிறந்த வழி, அதை ஒருவர் செய்தே காட்டியிருக்கிறார். 1980 இல் இலண்டனில் இசையையும் உடையையும் இளைஞர் வாழ்வையும் ஒன்றாகப் பேசத் தொடங்கிய த ஃபேஸ் சஞ்சிகையின் வடிவமைப்பாளராக 1981 முதல் 1986 வரை இருந்தவர் நெவில் பிரொடி. தலைப்புகளுக்கான எழுத்துகளைத் தாமே வரைந்த அவர், உள்ளடக்கம் என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லை இதழுக்கு இதழ் சிதைத்துக்கொண்டே போனார். கடைசியில் அது எழுத்தாகவே தெரியாத வெறும் வடிவமாக நின்றது. வாசகர்கள் வழி தவறவில்லை. அந்தப் பக்கம் எப்போதும் அதே இடத்தில், பக்க எண்களோடு இருந்தமையால், தலைப்புச் சொல்லை யாரும் வாசிப்பதே இல்லை என்பது வெளிப்பட்டது. இடமும் எண்ணும் மாறாதிருப்பதுதான் அந்தப் பக்கத்தின் உயிரான மரபு, சொல் அலங்காரம்.

அமெரிக்காவில் 1992 இல் தொடங்கிய ரே கன் சஞ்சிகையில் டேவிட் கார்சன் இதைவிடத் தீவிரமாகச் சென்றார். நிரல்கள் எனப்படும் எழுத்து நெடுவரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின, வரிகள் பக்க விளிம்பில் வெட்டுப்பட்டன. 1994 இல் பாடகர் பிரையன் ஃபெரியுடனான நேர்காணல் தமக்குச் சலிப்பூட்டியதால், அதை முழுவதும் குறியீடுகள் மட்டுமே கொண்ட ஓர் எழுத்துருவில் அச்சிட்டார். மாணவர்கள் இதைச் சுதந்திரத்தின் உச்சமாக வியந்து எழுதுவதுண்டு. எனது கருத்து வேறு. தம்மைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்ட ஒரு பாடகர் விஷயத்தில் அந்த மீறலைத் தாங்கிக்கொள்ளலாம், ஏனெனில் அந்த நேர்காணல் வாசிக்கப்படாமல் போனாலும் அவர் மறைந்துவிட மாட்டார். ஒருவருடைய சொற்கள் முதன்முறையாக அச்சேறும்போது அவற்றை வாசிக்க முடியாதபடி செய்வது அநீதி. மரபை மீறுவதன் விலையை யார் கொடுக்கிறார் என்பதும் வடிவமைப்பு ஆய்வின் ஒரு பகுதிதான்.

இரட்டைப் பக்கக் கட்டுரைக்கு வருவோம். இடப்பக்கம் முழுவதும் படம், வலப்பக்கம் தலைப்பும் முன்னுரை வரிகளும் நிரல்களும், நடுவில் பெரிதாக்கப்பட்ட ஒரு மேற்கோள் என்பது பொது அமைப்பு. இங்கே தாளின் இயல்பு முக்கியம். நடுவில் கம்பி அடித்துக் கட்டும் சஞ்சிகையில் ஒரு தாளை மடித்தால் நான்கு பக்கங்கள் வரும். ஆகவே பக்கங்களின் எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும். அந்தக் கட்டில் சரி நடுவிலுள்ள இரு பக்கங்கள் மட்டுமே ஒரே தாளாக விரியும். மற்ற எல்லா இரட்டைப் பக்கங்களும் வெவ்வேறு தாள்களின் பாதிகள் என்பதால், அவற்றில் ஒரு முகத்தை மடிப்பின் குறுக்கே வைத்தால் இரண்டு பாதிகளும் சற்று விலகும், நிறமும் வேறுபடலாம். கேரங் போன்ற சஞ்சிகைகளின் சுவரொட்டி நடுப்பக்கத்துக்கு வந்ததற்கு, கம்பியைத் தூக்கிவிட்டு அதைக் கிழியாமல் எடுக்கலாம் என்பதும் ஒரு காரணம். தோட்டத்து வீட்டுச் சுவரில் ஒட்டக்கூடிய ஒரு படத்தை நீங்களும் தர நினைத்தால் அது நடுப்பக்கத்தில்தான் வர வேண்டும்.

இனி நான் மிகவும் அக்கறையோடு சொல்ல விரும்பும் பகுதி, தமிழ் எழுத்து. நீங்கள் ஆராயும் சஞ்சிகைகள் அனைத்தும் ஆங்கில எழுத்தின் உடலுக்கேற்ப வடிவமைக்கப்பட்டவை. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற இரண்டு இருப்பதால், தலைப்பை முழுவதும் பெரிய எழுத்தில் இட்டால் மேலும் கீழும் நேர்க்கோடாக வெட்டிய ஒரு பட்டை கிடைக்கிறது. அதைப் படத்தின் தலைக்கு மேலே இடைவெளியே இல்லாமல் பொருத்திவிடலாம். தமிழில் அப்படி ஒரு பட்டை கிடைக்காது. "கீதம்" என்று எழுதினால் கீயின் சுழியும் மகரத்தின் புள்ளியும் மேலே எழும். "குரல்" என்று எழுதினால் குவின் வால் கீழே இறங்கும். ஆகவே சஞ்சிகைக்குப் பெயர் தெரிவு செய்யும்போதே அதன் உருவரையை ஒரு தாளில் கறுப்பாக நிரப்பிப் பாருங்கள். மேலெழும் சுழியை ஓர் ஒழுங்கின்மையாக நினைத்து அமுக்கி வரைவதை விட, அதையே பெயரின் அடையாளமாக வளர்த்தெடுப்பது நல்லது.

நிரல்களிலும் இதே சிக்கல் உண்டு. ஏ4 தாளில் நான்கு நிரல்கள் இட்டால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 41 மில்லிமீற்றர் அகலமே வரும். ஆங்கிலத்தில் அது போதும். தமிழ்ச் சொற்கள் வேற்றுமை உருபும் விகுதியும் ஏற்று நீள்வதால் அந்த அகலத்தில் இரண்டு அல்லது மூன்று சொற்களே நிற்கும். இரு ஓரங்களையும் நேராக்கும்படி கணினிக்குச் சொன்னால் சொற்களுக்கிடையே பெரிய வெற்றிடங்கள் தோன்றி, பக்கத்தில் மேலிருந்து கீழாக வெள்ளைக் கோடுகள் ஓடும். மூன்று நிரல்களாக்கி இடது ஓரத்தை மட்டும் நேராக விட்டால் பக்கம் அமைதியடையும். வரி இடைவெளியையும் கூட்டுங்கள். புள்ளி (பொயின்ற்) என்ற அச்சு அளவில் 10 புள்ளி எழுத்துக்கு 14 புள்ளி இடைவெளி கொடுத்தால், மேல் வரியின் வால்களும் கீழ் வரியின் சுழிகளும் முட்டிக்கொள்ளமாட்டா.

கட்டுரையின் முதலெழுத்தைப் பெரிதாக்கி மூன்று வரி உயரத்துக்கு வைப்பது நீங்கள் எல்லாச் சஞ்சிகைகளிலும் காணும் மரபு. தமிழில் அதைச் செய்யும்போது முழு எழுத்தும் பெரிதாக வேண்டும். "கொட்டும் மழையில்" என்று ஒரு கட்டுரை தொடங்கினால், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஒற்றைக் கொம்பு மட்டும் மலைபோல் எழுந்து நிற்கும், ககரமும் காலும் சிறிதாக அடுத்த இடத்தில் கிடக்கும். யுனிகோட் எழுத்துருவாக இருந்தாலும், மென்பொருள் தமிழைச் சரியாகக் கையாளாவிட்டால் எழுத்து பிளவுபடும். எழுத்துகளுக்கிடையே இடைவெளி விட்டு நீட்டும் அலங்காரத்திலும் இதே ஆபத்து உண்டு. அகரத்தில், இகரத்தில் அல்லது க, த, ம போன்ற அகர உயிர்மெய்யில் தொடங்குமாறு முதல் வாக்கியத்தை அமைத்துக்கொள்வது எளிய வழி. ஆசிரியரும் வடிவமைப்பாளரும் ஒருவராகவே இருக்கும் சிறு சஞ்சிகைக்கு அந்த வசதி உண்டு. இசைத்தொகுப்புகளின் பெயரைச் சாய்வெழுத்தில் இடும் ஆங்கில மரபும் தமிழுக்குப் பொருந்துவதில்லை; சாய்த்த தமிழ் எழுத்து உருக்குலைந்துபோகிறது. ஒற்றை மேற்கோள் குறி போதுமானது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து ரொக் இசைச் சஞ்சிகைகளுக்குப் பிடித்தமானது. சாதாரணத் தாளில் அதை அச்சிட்டால் மை ஊறி, ண, ஞ போன்ற எழுத்துகளின் உள்வெளிகள் அடைபட்டுவிடும். தலைப்புக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, கட்டுரையை வெள்ளைத் தாளில் கறுப்பாகவே விடுங்கள்.

எங்களிடம் சொந்தமாக ஒரு மரபும் இருக்கிறது என்பதை ஆய்வில் மறந்துவிட வேண்டாம். திருவிழாக் கடைகளிலும் திரையரங்கு வாசலிலும் விற்ற பாட்டுப் புத்தகங்களின் பக்கத்தைப் பாருங்கள். மேலே பாடலின் முதலடி, அதன்கீழ் ராகமும் தாளமும் அல்லது "மெட்டு" என்று குறித்து மக்களுக்குத் தெரிந்த இன்னொரு பாடலின் பெயர், பிறகு பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற உபதலைப்புகள். ஒரு வரியில் மெட்டைச் சொல்லிவிட்டதும் இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாதவரும் அந்தப் பக்கத்தைப் பாடிவிடுகிறார். தோட்டத் தொழிலாளரை ஒன்றுதிரட்டிய கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை, தொழிலாளர் வாழ்க்கையைப் பற்றிய பாடல்களை எழுதி, கூட்டங்களில் தாமே பாடி, அச்சிட்டும் பரப்பினார். மலையகத்தில் இசையும் அச்சும் சந்தித்த மிக முக்கியமான இடம் அது. ஒரு சஞ்சிகைக்குப் பாடல் வரிகளை அச்சிடுவது புதிய யோசனையும் அல்ல. 1978 இல் தொடங்கிய பிரித்தானியாவின் ஸ்மாஷ் ஹிட்ஸ் பாடல் வரிகளை அச்சிட்டே இளையோரை ஈர்த்தது. உங்கள் சஞ்சிகையில் ஒரு ராப் பாடலையும் ஒரு தாலாட்டையும் எதிரெதிர்ப் பக்கங்களில், மெட்டுக் குறிப்பும் தாளக் குறிப்பும் சேர்த்து, பாட்டுப் புத்தக முறையில் அமைத்துப் பாருங்கள். அது எவரிடமிருந்தும் கடன் வாங்கிய பக்கமாக இராது.

விமர்சனப் பக்கத்தில் நட்சத்திரங்கள் இடுவது, தரவரிசைப் பட்டியலில் இந்த வார இடத்தையும் சென்ற வார இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுவது ஆகியவை விரைந்து பார்ப்பவருக்கான வசதிகள். என்.எம்.ஈ. 1952 நவம்பர் 14 ஆம் திகதி பிரித்தானியாவின் முதலாவது தனிப்பாடல் விற்பனைத் தரவரிசையை வெளியிட்டது. இசைத்தட்டு விற்பனை இருந்ததால் அந்தப் பக்கம் இருந்தது. இரவு முழுவதும் ஆடப்படும் காமன் கூத்துக்கு நட்சத்திரம் இடுவதில் பொருள் இல்லை. கல்கி "கர்நாடகம்" என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் எழுதியதுபோல, தெரிந்த ஒருவரின் குரலில், ஒவ்வோர் இதழிலும் வரும் ஒரு விமர்சனப் பத்தி அதைவிடப் பொருத்தமானது.

இவற்றை எப்படி எழுதுவது என்று கேட்டால், முதலில் அடிமட்டத்தை (அளவுகோலை) எடுங்கள். ஒரே சஞ்சிகையின் மூன்று இதழ்களைத் தெரிவுசெய்து, ஒவ்வொரு பக்கத்தின்மீதும் ட்ரேசிங் தாளை வைத்துப் படம், தலைப்பு, நிரல், வெற்றிடம் ஆகியவற்றின் எல்லைகளை மட்டும் வரையுங்கள். மூன்று தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் மாறாத கோடுகள் தெரியும். அவைதாம் அந்தச் சஞ்சிகையின் மரபுகள், மற்றவை அந்த இதழின் தெரிவுகள். கைத்தொலைபேசித் திரையில் மட்டும் பார்த்து எழுதாதீர்கள், ஏனென்றால் அதில் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகிவிடுகிறது. அச்சிதழ் கிடைக்காவிட்டால் பக்கத்தை அதன் உண்மையான அளவில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு மாறாத கோட்டுக்கும் மூன்று வாக்கியங்கள் எழுதுங்கள்: என்ன இருக்கிறது, எந்தத் தேவை அதை அங்கே வைத்தது, அந்தத் தேவை ஹட்டனிலோ பதுளையிலோ உண்டா. மூன்றாவது வாக்கியத்துக்குத்தான் அதிக நேரம் எடுக்கும்.

கடைசியாகப் படக்குறிப்பு. இசைக்குழுவின் படத்துக்குக் கீழே இடமிருந்து வலமாக ஒவ்வொருவரின் பெயரையும் அவர் வாசிக்கும் வாத்தியத்தையும் இடுவது நல்ல இசைச் சஞ்சிகைகளின் சிறிய, ஆனால் உறுதியான வழக்கம். எங்கள் பத்திரிகைகளில் தப்புக் குழுவின் படத்துக்குக் கீழே பெரும்பாலும் "பாரம்பரிய நடனம்" என்ற இரண்டு சொற்களோ விழாவின் பெயரோதான் இருக்கும். மேடையில் மாலை ஏற்றவருக்கு மட்டும் முழுப் பெயரும் பதவியும் வரும். தப்பைத் தீயில் காய்ச்சிச் சூடேற்றுபவர் முதல் அடவு பிடிப்பவர் வரை எல்லோருடைய பெயரையும், எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு என்பதையும் அவர்களிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெயரை அவர்கள் எப்படி எழுதுகிறார்களோ அப்படியே எழுதுங்கள். எட்டுப் பேர் கொண்ட குழுவுக்கு எட்டுப் பெயர்களும் நிற்கும் அளவுக்குப் படத்தின் கீழே நான்கு வரி இடத்தைப் பக்கத்தைப் பிரிக்கும்போதே ஒதுக்கிவிடுங்கள். கட்டுரை முழுவதும் ஓடிய பிறகு அந்த இடம் கிடைக்காது.